கவிழ்த்த வாளிகள்

கண்டி நகரத்துக்கு மேலே, குளத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்தப் பழைய பங்களாவில் இப்போது வெள்ளைக்காரத் துரை இல்லை. நைட் கிளப் இருக்கிறது. ரோட்டிலிருந்து வாசலுக்குப் பதினொரு படிகள். விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தப் பதினொரு படிகளும் சுப்பம்மாவின் பொறுப்பு.

மேலே தண்ணீர்க் குழாய் உண்டு. அதற்குப் பூட்டும் உண்டு. துப்புரவு செய்கிறவர்கள் தண்ணீரை வீணாக்குகிறார்கள் என்று முதலாளிக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. அன்றிலிருந்து சுப்பம்மா ரோட்டோரக் குழாயில் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும். கைக்கு ஒரு வாளி. தை மாதத்துக் குளிரில் வாளிக் கம்பி விரலை அறுத்தது. பதினெட்டு வயதிலிருந்து ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடை சுமந்த முதுகு அது. கூடை போய் வாளி வந்ததே தவிர, ஏற்றம் மாறவில்லை.

சிகரெட் துண்டுகள், உடைந்த கிளாஸ், யாரோ எடுத்த வாந்தி. எல்லாவற்றையும் தும்புத்தடியால் தள்ளிக் கழுவிக்கொண்டே இறங்கினாள். ஆறாவது படியில் தும்புத்தடி நின்றது. கறுப்பாக ஒரு கறை, உள்ளங்கை அகலத்துக்கு. தண்ணீர் ஊற்றியதும் அது சிவந்தது.

அவள் முழங்காலிட்டுக் குனிந்தாள். சவர்க்காரத் தூளைத் தூவித் தேங்காய்ப் பொச்சால் தேய்த்தாள். மேலே இருந்தது போயிற்று. சீமெந்துக்குள் இறங்கியது போகவில்லை.

வாசல்காரர்களான இருளப்பனும் ரஸீனும் ஸ்டோர் அறையிலிருந்து எழும்பி வந்தார்கள். ராத்திரி வேலை முடிந்தால் இருவரும் அங்கேயே படுத்துக்கொள்வார்கள். ஆறு மணிக்குத் துணி வெளுக்கும் லோண்டரியிலிருந்து தம்பி ஒருவன் வந்து ராத்திரி போட்ட கோட்டுகளை வாங்கிக்கொண்டு, துவைத்த கோட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போவான். அதன் பிறகுதான் வீட்டுக்குப் பஸ். இருளப்பனுக்கு நாற்பத்திரண்டு வயது, கதவை மறைக்கும் உடம்பு. ரஸீன் மெலிந்தவன், கட்டுகஸ்தோட்டைக்காரன்.

சுப்பம்மா கேத்தலிலிருந்து நாலு கிளாஸில் பிளேன்டீ ஊற்றினாள். தனக்கொன்று, இவர்களுக்கு இரண்டு, லோண்டரித் தம்பிக்கு ஒன்று. தினமும் அப்படித்தான்.

"என்னா இருளப்பா, ராத்திரி இங்க ஆட்டையா வெட்டுனீங்க?"

"அட, அது ஒண்ணுமில்லக்கா." இருளப்பன் சிரித்தான். "ரெண்டு பேரு வந்தானுங்க. ஆம்பளையும் ஆம்பளையும். கையப் புடிச்சிக்கிட்டு. வெளிய போடுன்னு முதலாளி வோக்கிடோக்கில சொல்லிட்டாரு. ஒருத்தன் கெஞ்சிக்கிட்டே மேல ஏறுனான். லேசாத்தான் தள்ளுனேன்."

"லேசா தள்ளுனா இம்புட்டு ரத்தம் வருமா?"

ரஸீன் வேறு பக்கம் திரும்பித் தேநீரைக் குடித்தான்.

இந்த இடத்தில் அந்தக் கிளப் வாசலின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சோடியாக வருகிறவர்களுக்கு மட்டும் அனுமதி என்று கதவுக்கு மேலே ஆங்கிலத்தில் ஒரு பலகை தொங்கும். ஆணும் பெண்ணும் வந்தால் கதவு திறக்கும். பெண்கள் இருவர் வந்தாலும் திறக்கும். ஆண்கள் இருவர் கைகோத்து வந்தால், அவர்களை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது, இனி இந்தப் பக்கம் தலைகாட்டாதபடி அனுப்ப வேண்டும் என்பது முதலாளி மோகனராஜின் கட்டளை. அதற்கு ஒரு கேள்வியையும் அவரே சொல்லிக் கொடுத்திருந்தார். "ஒங்க ரெண்டு பேர்ல யாரு பொம்பளை?" வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி கேட்க வேண்டும். வரிசை சிரிக்கும். தலை குனிந்து அவர்கள் இறங்கிப் போவார்கள். வெளிநாட்டுக்காரர் இருவர் அதே மாதிரிக் கைகோத்து வந்தால் அந்தக் கேள்வி கிடையாது. மழை பெய்தால் குடை பிடித்துக் கூட்டிப் போவார்கள். மானங்கெட்ட வழக்கம். இரண்டு வருடமாக அந்தக் கேள்வியை வாய் கூசாமல் கேட்டு வந்தவன் இருளப்பன்.

ஆறு மணிக்கு லோண்டரி வேன் வந்து நின்றது. கோட்டு மூட்டையோடு இறங்கியது தம்பி இல்லை, ஷிராணி. அம்பிட்டியப் பக்கத்து லோண்டரியில் கொதிநீர்த் தொட்டியருகே நின்று துவைக்கிறவள். வெந்து வெந்து அவள் கைகள் முழங்கைவரை சிவந்திருக்கும். அவள் மூட்டையை முதல் படியிலேயே வைத்தாள். மேலே ஏறவில்லை.

"எங்க நம்ம தம்பி? காய்ச்சலா?" இருளப்பன் நாலாவது கிளாஸைத் தூக்கிக் காட்டினான். "டீ ஆறுது."

"கிளின்ரன் ஆஸ்பத்திரில."

"யாரு கிளின்ரன்?"

ஷிராணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு வருசமா ஒவ்வொரு நாளும் வந்து உங்களோட டீ குடிச்சான். பேர் தெரியாதா? இந்தா, உங்கட கோட்டுக்குப் பட்டன் தைச்சானே, அவன்தான் கிளின்ரன்."

இருளப்பன் தன் கையில் கிடந்த கோட்டைப் பார்த்தான். இரண்டாவது பட்டன். இரண்டு மாதத்துக்கு முன் அது அறுந்து தொங்கியதை யாரும் சொல்லாமலே தைத்துக் கொண்டுவந்து, "கறுப்பு நூல் முடிஞ்சிட்டு அண்ணே, நீலந்தான் கெடந்துச்சு" என்று சிரித்த முகம் நினைவுக்கு வந்தது. தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரும் முகம். ராத்திரி வந்தவன் வெள்ளைச் சட்டை போட்டுத் தலை வாரியிருந்தான். அவன் "அண்ணே, அண்ணே" என்று ஏதோ சொல்ல வந்தான். வாசலில் கெஞ்சுகிற எல்லோரும் அண்ணே என்றுதானே சொல்வார்கள் என்று இருளப்பன் அப்போது நினைத்திருந்தான்.

"மணிக்கட்டு ரெண்டா ஒடிஞ்சிருக்கு. தலையில தையல் போட்டிருக்கு" என்றாள் ஷிராணி. "அயன் பண்ற கை அது. எடுங்க மூட்டைய, நான் போகணும்."

வேன் போன பிறகும் இருளப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். சுப்பம்மா நாலாவது கிளாஸை வாங்கி வாளிக்குள் ஊற்றினாள்.

"இருளப்பா, தோட்டத்துல ஒன்னையப் பெரட்டுலருந்து வெரட்டுனாங்களே, ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு எப்படி மறக்கும்? தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம் பெரட்டு. பத்து வருடத்துக்கு முன் ஒரு நாள், கணக்கப்பிள்ளையை எதிர்த்துப் பேசினான் என்று இவன் பெயரைக் கூப்பிடாமல் விட்டார்கள். கொழுந்தெடுக்கப் புறப்பட்ட பெண்கள் அத்தனை பேரும் கூடையைத் தலையில் மாட்டாமல் கீழே கவிழ்த்துவைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று நாள். மழையிலும் எழும்பவில்லை. நாலாம் நாள் இவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"மொதக் கூடையக் கவுத்தவ நான்" என்றாள் சுப்பம்மா. "படிய நான் கழுவிட்டேன். ஒன் கையக் கழுவுறதுக்கு எங்கிட்டத் தண்ணி இல்ல."

ஒன்பது மணிக்கு மோகனராஜ் வந்தார். இருளப்பனையும் ரஸீனையும் வீட்டுக்குப் போக வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தார். மேசையில் ஒரு கடதாசி, பக்கத்தில் பேனா.

"ராத்திரி நடந்ததை எவனோ போனில வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறான், விழுற துண்டு மட்டுந்தான் இருக்கு. அந்தப் பொடியன் பொலிசுக்குப் போறதுக்கு முதல் நாங்க போகணும். பேர், ஊர் எல்லாம் விசாரிச்சு எழுதியாச்சு, இதில நீ கையெழுத்து வை. ரஸீன் சாட்சி. உனக்கு ஒரு தூசு படாம நான் பார்த்துக்கிறேன்."

கடதாசி சிங்களத்தில் இருந்தது. இருளப்பனுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அவன் அதை ரஸீனிடம் நீட்டினான்.

"வாசிக்க என்னத்துக்கு? கையெழுத்துத்தானே கேட்டேன்" என்றார் முதலாளி.

ரஸீன் அதற்குள் வாசிக்கத் தொடங்கிவிட்டான். குரல் வர வர இறங்கியது. "கிளின்ரன் எண்ட ஆளும், மடவளை இப்திகார் எண்ட ஆளும் குடிச்சிட்டு வந்தாங்களாம். வாசல்ல நிண்டு அசிங்கமா நடந்தாங்களாம். ஒங்கட மேல கை வச்சி, ஒங்களத் தகாத வேலைக்குக் கூப்பிட்டாங்களாம். நீங்க ஒதறினதில அவர் தானா விழுந்தாராம்." அவன் நிமிர்ந்தான். "இப்பிடி ஒண்டும் நடக்கல்ல முதலாளி. நான் பக்கத்திலதான் நிண்டேன். அவங்க ரெண்டு பேரும் குடிச்சிருக்கவும் இல்ல."

"நடந்ததா நடக்கல்லியா எண்டு உங்கிட்ட யார் கேட்டது? ஆம்பளையும் ஆம்பளையும் சேர்றது குற்றம் எண்டு வெள்ளைக்காரன் எழுதி வச்சிட்டுப் போன சட்டம் ஒண்டு இன்னும் இருக்கு. அதுக்குள்ள அவனுகளைப் போட்டா வாயே திறக்க மாட்டானுகள். முக்கியமா அந்த மடவளைப் பொடியன். ஊருக்குத் தெரிஞ்சா அவனுக்கு வீடே இல்ல."

வெள்ளைக்காரன் இந்த மலைகளில் விட்டுப்போனவை பல. தோட்டத் தொழிலாளர் வாழும் லயம் இருக்கிறது, பங்களா இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. மூன்றும் யாருடைய வசதிக்காக இருக்கின்றன என்பதை மோகனராஜுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இருளப்பன் பேனாவைத் தொடவில்லை. "முதலாளி, நீங்கதானே தள்ளச் சொன்னீங்க?"

"வெளிய போடச் சொன்னேன். கையை ஒடிக்கச் சொன்னேனா? கையெழுத்து வைக்காட்டி அதுவும் உன்ட பேரிலதான் போகும். இருளப்பன் எண்டவன் தன்ட எண்ணத்துக்கு ஆளை அடிச்சான் எண்டு நானே எழுதிக் குடுப்பேன். அவன் இல்லாட்டி நீ. யோசிச்சுப் பார். நாலு மணிக்கு லைன் நிக்கிற நேரம் வாறேன். பொலிசும் அந்த நேரம் வரும்."

கிளப்பில் நாலு மணிக்கு எல்லா வேலைக்காரரையும் வாசலில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் அதையும் பெரட்டு என்றே சொல்வார்கள்.

இருளப்பன் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனான். மத்தியானம் நோயாளரைப் பார்க்கும் நேரத்தில் வாட்டுக்குள் விட்டார்கள். கிளின்ரன் சுவர் ஓரக் கட்டிலில் இருந்தான். தலையில் கட்டு, வலது கை மாவுக்கட்டில். வெள்ளைச் சட்டையின் தோளில் ரத்தம் காய்ந்திருந்தது. இருளப்பனைக் கண்டதும் அவன் நல்ல கையால் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டான். தன்னைக் கண்டு ஒருவன் பயப்படுகிறான் என்று அவ்வளவு நாளும் பெருமைப்பட்டவன் இருளப்பன். அன்று அவனுக்கு அழுகை வந்தது.

"எனக்கு வெளங்கல தம்பி. நீதான்னு தெரிஞ்சிருந்தா..."

"நான் இல்லாட்டி செஞ்சிருக்கலாமா?"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். கிளின்ரன் குரலைத் தாழ்த்தவில்லை.

"இப்திகாருக்கு நேத்துப் பிறந்த நாள். துணிக்கடையில நாள் முழுக்க நிண்டுட்டு வந்தான். ஒரு நாளாவது பாட்டுக் கேட்டு ஆடணும்ன்னான். அந்த வாசல்ல கேவலப்படுத்துவாங்க, வேணாம்ன்னும் சொன்னான். நான்தான் கூட்டிட்டு வந்தேன். வாசல்ல நிக்கிறது எங்கட அண்ணன், பயப்படாதேன்னு சொன்னேன்."

இருளப்பன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"கை ஆறு கிழமையில சரியாயிரும்ன்னு டொக்டர் சொன்னார். நீங்க கேட்டீங்களே ஒரு கேள்வி, அது எத்தனை கிழமையில சரியாகும்? அத்தனை பேரும் சிரிச்சாங்க. அவன் என்ட கைய விட்டுட்டு ஓடிட்டான். இன்னும் போன் எடுக்கல்ல."

இருளப்பன் கடதாசியைப் பற்றிச் சொன்னான். இப்திகாரின் பெயரும் அதில் இருப்பதைச் சொன்னபோது கிளின்ரனின் முகம் வெளுத்தது.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி."

"அது உங்கட விசயம். எனக்குச் செய்யிற உதவின்னு மட்டும் நெனைக்காதீங்க." அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

இரண்டரை மணிக்குக் கிளப்பின் பின்பக்கக் குசினியில் ஒன்பது பேர் கூடினார்கள். இருளப்பன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். தான் கேட்ட கேள்வியையும் சொன்னான். தள்ளியதையும் சொன்னான். "லேசா" என்ற சொல்லை இம்முறை சேர்க்கவில்லை.

முதலில் வாயைத் திறந்தது சமையல்கார அழகமுத்து. "பாவந்தான். ஆனா, அந்த மாதிரி ஆளுங்களுக்காகவா நாம வேலையப் போட்டுட்டு நிக்கிறது? ஊர் என்னா பேசும்?"

"எந்த மாதிரி ஆளு?" சுப்பம்மா கேட்டாள். "ஒன் ஏப்ரனத் தொவைக்கிற ஆளு. விடியக் கருக்கல்ல கொதிதண்ணில நிக்கிற ஆளு. வேற எந்த மாதிரி?"

"அதில்லக்கா..."

"போன மாசம் ஒன் தங்கச்சி மகன் கட்டிக்கப்போற புள்ளையோட வந்தானே, என்னா சொல்லித் திருப்பி அனுப்புனாங்க? தோட்டத்துப் புள்ளைங்க, செருப்பப் பாருன்னு சொல்லல? அப்பவும் வரிசை சிரிச்சிச்சு. நீ இந்தக் குசினிக்குள்ள நின்னு அழுத. நான் பாத்தேன்."

அழகமுத்து அடுப்பைப் பார்த்தான்.

"அந்தப் பேச்சு என் வாயாலதான் வந்துச்சு" என்றான் இருளப்பன். "அதுவும் நான்தான்."

"எனக்கு ஈரக்கொலை நடுங்குது" என்றான் ரஸீன். "ஊட்டுல வாப்பாவுக்குத் தெரிஞ்சா, இவங்களுக்காக ஏன் நிண்ட எண்டுதான் கேப்பார். எண்டாலும் அந்தக் கடதாசியில சாட்சி எண்டு என்ட பேர் வரக்கூடாது. பொய்ச் சாட்சி சொல்லிட்டு நான் எங்க போய்த் தொழுற?"

ஒவ்வொருவராகப் பேசினார்கள். பயத்தைத்தான் பேசினார்கள். அதை ஒளிக்காமல் பேசியதே அன்று பெரிய காரியம். கடைசியில் எஞ்சியது மூன்று பேச்சு. அந்தக் கடதாசியைக் கிழிக்க வேண்டும். கையை ஒடித்ததற்கு முதலாளி பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியை இனி இந்த வாசலில் யாரும் கேட்கக் கூடாது. சுப்பம்மா ஷிராணிக்கும் போன் பண்ணி இதைச் சொன்னாள்.

நாலு மணிக்கு மோகனராஜ் காரிலிருந்து இறங்கியபோது வாசலில் வரிசை இல்லை. மேல் படியில், கதவுக்குக் குறுக்கே, சுப்பம்மா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கூட்டுகிற பெண்கள் இருவர், இரண்டு வாளிகளில். ரஸீன் ஒரு வாளி. இருளப்பன் ஒரு வாளி. அவன் கோட்டுப் போடவில்லை. மற்றவர்கள் தரையில்.

"என்ன இது கூத்து? எழும்புங்க!"

"பெரட்டு முதலாளி" என்றாள் சுப்பம்மா. "நீங்க பேரக் கூப்புடுங்க. நாங்க இங்கருந்தே பதில் சொல்றோம்."

அவர் படியேறி வந்து கடதாசியை இருளப்பன் முகத்துக்கு நேரே நீட்டினார். "வைக்கிறியா இல்லியா?"

"இல்ல. பொலிசு வந்தா நடந்தத நானே சொல்லுவேன். நீங்க சொன்னீங்க, நான் தள்ளுனேன். ரெண்டையும் சொல்லுவேன்."

"உள்ளுக்குப் போவாய் நீ!"

"போறேன். செஞ்சதுக்குத்தானே போறேன்."

"மத்தவன்களுக்கு என்ன? இவன் போனா உங்களுக்கென்ன? எழும்பி வேலைக்குப் போங்க. இல்லாட்டி இண்டைக்கே வேற ஆக்களைக் கொண்டுவாறேன். வாசல்ல நிக்கக் கண்டியில ஆளா இல்ல?"

"கொண்டாங்க" என்றான் ரஸீன். "அவங்களுக்கும் நாங்க சொல்லுவோம், வேலைய என்னத்துக்கு நிப்பாட்டின எண்டு."

அப்போது குசினிப் பக்கமிருந்து அழகமுத்து வந்தான். தோளில் பெரிய பிரியாணிக் கிடாரம். அதை 'டங்'கென்று கவிழ்த்து வைத்துக் குந்தினான். "வாளி முடிஞ்சி போச்சு" என்றான் யாரையும் பார்க்காமல்.

சுப்பம்மாவுக்குக்கூட அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. மோகனராஜ் போனைக் காதில் வைத்துக்கொண்டு காருக்கு இறங்கிப் போனார். இன்ஸ்பெக்டர் ஐயாவை உடனே வரச் சொல்லுங்கள் என்று அவர் சிங்களத்தில் கத்துவது மேலே கேட்டது. இனி என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. குளத்துக்கு மேலே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு வேலை இருக்கும் என்று அங்கிருந்த ஒருவராலும் சொல்ல முடியாது.

லோண்டரி வேன் காருக்குப் பின்னால் வந்து நின்றது. ஷிராணி இறங்கினாள். கையில் கோட்டு மூட்டை இல்லை. மறு பக்கக் கதவைத் திறந்து, ஆஸ்பத்திரியில் கேட்டு வெளியே கூட்டிவந்த கிளின்ரனை இறக்கினாள். பின்னாலிருந்து அவர்களோடு வேலை செய்கிற இன்னும் மூவர் இறங்கினார்கள், ஈர ஏப்ரனோடு.

கிளின்ரன் மெதுவாகப் படியேறினான். ஆறாவது படியில் நின்று அந்தக் கறையைப் பார்த்தான். பிறகு மீதிப் படிகளையும் ஏறி, ராத்திரி அவனை நிறுத்திய அதே இடத்துக்கு வந்து, இருளப்பனுக்கு எதிரே நின்றான்.

இருளப்பன் எழும்பினான். தன் வாளியைக் கிளின்ரன் பக்கம் நகர்த்தினான்.

"இப்திகார் போன் எடுத்தான்" என்றான் கிளின்ரன். "அவன் வர மாட்டான். அவனால வர ஏலாது. அதனால நான் வந்தேன்."

"ஒக்காரு... கிளின்ரன்" என்றான் இருளப்பன். அந்தப் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

கிளின்ரன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் தாங்கிக்கொண்டு, இருளப்பனின் வாளியில், சுப்பம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இருளப்பன் இறங்கிப் போய் ஆறாவது படியில், கறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வேனிலிருந்து வந்தவர்கள் அவனைச் சுற்றிப் படிகளில் இடம்பிடித்தார்கள்.

கீழே வளைவில் பொலிஸ் ஜீப் கியர் மாற்றி ஏறுகிற சத்தம் கேட்டது. சுப்பம்மா கிளின்ரனின் நல்ல கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். யாரும் எழும்பவில்லை.